கட்டைவிரலில் ஓடிய பால்வண்டி

"அமத்து மச்சான், இன்னும் கொஞ்சம் அமத்து!"

"அமத்திட்டேன்யா. இதுக்கு மேல அமத்துனா விரலு கழண்டு ஒன் மடியில விழும்."

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் சாக்கை விரித்து அதன் மேல் மண்டியிட்டிருந்தான் சவரிமுத்து. என் மனைவி ரீட்டாவின் அண்ணன். லுணுகலையில் திரீவீலர் ஓட்டுகிறவன். ஞாயிறு பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணை என் மோட்டார் சைக்கிளின் வயிற்றுக்குள் விட்டிருந்தான். நான் ஹேண்டிலின் வலது பக்கத்தில் புதிதாகப் பூட்டிய சின்ன லீவர் ஒன்றைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்திருந்தேன்.

"பாதிதான் தொறக்குது," என்றான்.

"பாதி போதாதா?"

"கோயிலுக்குப் போகப் போதும். மேலயத்துக்குப் போகப் போதாது."

உள்ளே ரீட்டா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தேங்காய் கருகும் வாசமும் பெட்ரோல் வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறின. மழை வருமா வராதா என்று யோசித்துக்கொண்டு நின்றது வானம். எனக்கோ அன்று பொழுது சாய்வதற்குள் அந்த வண்டி மலை ஏறத் தயாராகியாக வேண்டும். விடிந்தால் திங்கட்கிழமை.

கை இருந்தது, முறுக்க முடியவில்லை

மணிக்கட்டு உடைந்த கதையை முன்பே இந்தப் பக்கங்களில் எழுதிவிட்டேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் பால் சேர்க்கிறவன். எங்கள் தோட்டத்தில் மாடு வைத்திருப்பவர்கள் விடியற்காலையில் கறக்கும் பாலை லயம் லயமாகப் போய் வாங்கி, பின்னால் கட்டிய கேன்களில் ஊற்றி, லுணுகலை பால் சென்டரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தொழில். ஒரு மழை நாளில் பஸ் ரோட்டில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு நொறுங்கிப் போனது.

பதுளை ஆஸ்பத்திரியில் தகடும் ஆணியும் வைத்துத் தைத்தார்கள். கட்டு அவிழ்த்த அன்று, கைக்குப் பயிற்சி சொல்லித் தருகிற மிஸ் ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்து மூடியைத் திறக்கச் சொன்னார். விரல்கள் நன்றாகவே பிடித்தன. மணிக்கட்டு மட்டும் மரக்கட்டை மாதிரி நின்றது.

"புடிக்கலாம், தூக்கலாம், எழுதலாம். முறுக்குறது மட்டும் கஷ்டம்," என்றார்.

மோட்டார் சைக்கிள்காரனிடம் சொல்கிற சொல்லா அது! வலது கைப்பிடியை முறுக்கினால்தானே எக்சலேட்டர் வேலை செய்யும்? நடக்கலாம், ஓடலாம், கால் மட்டும் தரையில் படக் கூடாது என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. போத்தலைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வந்த கையோடு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஆள் அனுப்பினார். நாற்று மேடைக்குக் காவல்காரன் வேலை இருக்கிறதாம். உட்கார்ந்த இடத்தில் சம்பளமாம். "பாவம், கை போன மனுசன்" என்று மேனேஜர் தொரையிடம் அவரே பேசி வாங்கினாராம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் கை எங்கேயும் போகவில்லை, தோளில்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். ரீட்டா அடுப்படியில் இருந்தபடியே, "கொஞ்சம் மரியாதையா சொல்லி அனுப்பியிருக்கலாம்," என்றாள். வேலையை ஏற்றிருக்கலாம் என்று சொல்லவில்லை. அவளை எனக்கு அதனால்தான் பிடிக்கும்.

மேலயத்துக்காரர்கள்

என் பிடிவாதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் தோட்டத்தில் பாதிப் பால் மலை மேலே இருக்கும் லயமான மேலயத்தில்தான். அங்கே போகிற பாதை ஏறு ஏறு என்று ஏறும், கொண்டை ஊசி மாதிரி வளையும் முடக்குக்கு மேல் முடக்கு. கருங்கல் பதித்த பாதை என்பார்கள். பதித்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கல்லும் பாதி போய்விட்டது. நான் படுத்திருந்த மாதங்களில் பிக்கப் வைத்திருக்கும் ஒருவர் பால் எடுக்க வந்தார். அவர் வண்டி கீழே பஸ் ரோட்டோடு நின்றுவிடும். மேலயத்துப் பெண்கள் பாலைத் தலையில் வைத்து இறங்கி வந்து கொடுத்துவிட்டு, வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டு மணி அடிப்பதற்குள் மூச்சு வாங்க மறுபடி ஏறிப் போக வேண்டும். பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம் போச்சு.

மேலயத்துப் பாக்கியம் அக்கா என்னைப் பார்க்க வந்தபோது பழம் கொண்டு வரவில்லை, பாலும் கொண்டு வரவில்லை. வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"தம்பி, நீங்க வருவீங்களா வரமாட்டீங்களா? மாட்ட வச்சிருக்கவா விக்கவா? ஒரு முடிவு சொல்லுங்க."

"வருவேன்கா. மாட்ட விக்காதீங்க."

சொல்லிவிட்டேன். எப்படி வரப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

பால் சென்டருக்குப் பொறுப்பான சிங்கள மாத்தயாவிடமும் அதையே சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், தமிழும் பேசுவார். ஆனால் பிக்கப்காரர் தினமும் அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். முழுப் பகுதியையும் தன் பெயருக்கே எழுதித் தரச் சொல்லி நச்சரித்தார்.

"திங்கக்கிழமை காலை நீங்க பால் கொண்டு வந்தா உங்களுக்கு. வரல்லன்னா அவருக்கு எழுதிக் குடுக்கிறேன். எனக்கும் மேல ஆள் இருக்கு தானே," என்றார் மாத்தயா.

புல்லு மெஷினும் பழைய காபரேட்டரும்

கட்டைவிரல் யோசனை சவரியுடையது. புல்லு வெட்டுகிற மெஷினில் கட்டைவிரலால் அமுக்குகிற எக்சலேட்டர் லீவர் இருக்கும், பார்த்திருப்பீர்கள். எஞ்சின் வெந்துபோன மெஷின் ஒன்றிலிருந்து அதைக் கழற்றி வந்து என் ஹேண்டிலில் மாட்டினான். மணிக்கட்டை முறுக்க வேண்டாம். பிடித்தபடி கட்டைவிரலால் அமுக்கினால் போதும்.

"இடது கையில முறுக்குற மாதிரி மாத்திறலாமே?" என்று கேட்டேன்.

"கிளட்ச் யாரு புடிக்கிறது? ஒன் மாமியாளா?"

அவனுடைய அம்மாவைத்தான் சொல்கிறான். இந்த மாதிரி மச்சானை வைத்துக்கொண்டுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

முதல் முயற்சி மண்ணைக் கவ்வியது. என் வண்டியின் பழைய காபரேட்டருக்குள் ஒரு உருளை இருக்கிறது. எக்சலேட்டரை முறுக்கும்போது வயர் அதை நேராக மேலே தூக்க வேண்டும். அதை அமுக்கிப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கோ முரட்டு ஸ்பிரிங். கட்டைவிரல் இழுக்கிற இழுப்பு சிறியது. உருளை பாதி வழியில் நின்றது, வண்டி ஏற்றத்தில் நின்றது, விரல் இரண்டு நாளைக்கு வீங்கி நின்றது.

"காபரேட்டரயே மாத்துவோம்," என்றான் சவரி.

பதுளையில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடைகளில் ஒரு பகல் முழுக்க அலைந்தோம். கடைசியில் விபத்தில் நசுங்கிய ஒரு பைக்கிலிருந்து நாங்கள் தேடியது கிடைத்தது. இதில் தூக்குகிற வேலை இல்லை. உள்ளே ஒரு வட்டத் தகடு, கதவு மாதிரி கால் திருப்பு திரும்பினால் முழுக்கத் திறந்துவிடும். ஸ்பிரிங்கும் மெத்து மெத்தென்று இருந்தது. தகட்டைத் திருப்ப வெளியே ஒரு சின்னச் சக்கரம், அதில்தான் வயர் மாட்ட வேண்டும். வரும் வழியில் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டக் டக் என்று திரும்பி வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

தெமோதரைக் காது

நான் பிறந்தது தெமோதரையில். ரயில் பாதை தன் வாலைத் தானே சுற்றிக்கொண்டு போகிற ஊர். ஸ்டேசனுக்குக் கீழே குகை, குகைக்குள் நுழைந்த ரயில் வளைந்து வளைந்து இறங்கும். சின்ன வயதில் எங்களுக்கு ஒரு விளையாட்டு. கண்ணை மூடிக்கொண்டு, எஞ்சின் சத்தத்தை வைத்தே ரயில் எங்கே போகிறது என்று சொல்ல வேண்டும். ஏறினால் சத்தம் கனக்கும், குகைக்குள் போனால் அமுங்கும், முடக்கில் இழுக்கும். தோற்றவன் ஜெயித்தவனின் புத்தகப் பையைச் சுமக்க வேண்டும். நான் அதிகம் சுமந்ததில்லை.

மலைநாட்டில் வளர்ந்த எல்லாருக்குமே இந்தக் காது உண்டு என்று நினைக்கிறேன். பனி மூடினால் கண் எதற்கு உதவும்? லொறி வருகிறதா, பஸ் வருகிறதா, எந்த முடக்கில் வருகிறது என்று சமைத்துக்கொண்டே சொல்லிவிடுவாள் ரீட்டா. இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், அந்தத் திங்கட்கிழமை என்னைக் காப்பாற்றியது இந்தக் காதுதான்.

வெண்ணெய் மாதிரி அமுங்கியது, வண்டி நகரவில்லை

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். புதுக் காபரேட்டர் ரப்பர்க் குழாயில் இறுகப் பூட்டியாகிவிட்டது. எஞ்சினும் அழகாக நின்று ஓடியது. ஆனால் லீவர் முழுக்க அமுங்கினாலும் தகடு பாதிதான் திறந்தது. கட்டைவிரல் கொடுக்கிற இழுப்பு இதற்கும் போதவில்லை.

"நடுவுல ஒண்ணப் போட்டு இழுப்பக் கூட்டணும்," என்றான் சவரி. என்னத்தைப் போட?

ரொட்டி தின்றுகொண்டே யோசித்தோம். லயத்துக்குப் பின்னால், விறகுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு ஒரு பழைய கம்பி பிரேக் சைக்கிள் கிடந்தது. அந்தக் காலத்துச் சைக்கிள்களில் பிரேக்குக்கு வயர் கிடையாது, இரும்புக் கம்பிதான். கம்பி திரும்ப வேண்டிய மூலையில் முழங்கை மாதிரி மடங்கிய ஒரு துண்டு இருக்கும். ஒரு கையை இழுத்தால் மற்றக் கை அசையும். சவரி வாயில் ரொட்டியோடு எழுந்து ஓடினான்.

அந்தத் துண்டை டேங்குக்குக் கீழே ஃபிரேமில் பூட்டினோம். லீவரிலிருந்து ஒரு வயர் அதன் ஒரு கைக்கு, மற்றக் கையிலிருந்து இன்னொரு வயர் காபரேட்டருக்கு. வயரின் நுனியில் ஈயம் உருக்கி ஊற்றிக் குமிழ் வைத்தோம். சவரி ஒரு கையில் மட்டும் புது ஓட்டை போட்டு அதைக் குட்டையாக்கினான்.

அமுக்கிப் பார்த்தேன். வெண்ணெயில் விரல் வைத்த மாதிரி இறங்கியது.

"எப்புடி!" என்று நெஞ்சை நிமிர்த்தினான் சவரி. "கொழந்தகூட அமத்தும்!"

ரீட்டா வாசற்படியில் நின்று காபரேட்டரின் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னா சிரிப்பு?"

"மெத்துன்னு இருக்குன்னு ரெண்டு பேரும் கூத்தாடுறீங்க. உள்ள கதவு கால்வாசிகூட தொறக்கலயே!"

பார்த்தோம். வயர்களை மாற்றிப் போட்டிருந்தோம். லீவர் வயர் நீளக் கையில், காபரேட்டர் வயர் குட்டைக் கையில். இழுப்பைக் கூட்ட வேண்டியவர்கள் குறைத்து வைத்திருந்தோம். சவரி ஸ்பேனரை எடுத்தான். வெள்ளைச் சட்டையில் கையைத் துடைத்தான். அந்தச் சட்டையின் கதி அன்றோடு முடிந்தது.

மாற்றிப் போட்ட பிறகு லீவர் கொஞ்சம் கனத்தது. ஆனால் தகடு முழுக்கத் திறந்தது. விட்டால் டக்கென்று மூடியது. அந்த 'டக்' சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கட்டும், அதில் என்ன வெட்கம்?

கடைசியாகச் சவரி பழைய டியூப்பைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, தொங்கிய வயரையெல்லாம் இழுத்துப் பிடித்து ஃபிரேமின் கழுத்தோடு சேர்த்து இறுக்கக் கட்டினான். எங்கள் பக்கத்தில் டியூப் ரப்பரால் கட்டாமல் எந்த வேலையும் முடிந்ததாகக் கணக்கில்லை. தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் அதுதான், மண்வெட்டிப் பிடி ஆடினாலும் அதுதான். "பாரு, மாப்பிள்ள மாதிரி இருக்கு," என்றான். நானும் பார்த்து மகிழ்ந்தேன். வயர் ஒன்றும் ஆடவில்லை, தொங்கவில்லை.

பெரட்டுக் களத்தில் ஓட்டிப் பார்த்தேன். மட்டமான இடம். நேராகப் போய், பெரிய வட்டமாகத் திரும்பி, நேராக வந்தேன். பிசகே இல்லை. நான் முகப்பு விளக்கில் விபூதி பூசினேன். சவரி பூசையில் வாங்கி வந்த தீர்த்தத்தைத் தெளித்தான். இரண்டு பக்கத்தாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று ரீட்டா சொன்னாள்.

மாதா முடக்கு

திங்கட்கிழமை பனி இறங்கியிருந்தது. கீழ்லயத்துப் பாலை எடுக்காமல் முதலில் மேலயத்துக்கு விட்டேன். வெறும் கேன்கள் பின்னால் கணகணவென்று அடித்துக்கொண்டன. கட்டைவிரல் அமுக்க அமுக்க வண்டி குண்டுக்கட்டாக என்னைத் தூக்கிக்கொண்டு ஏறியது. வாய்விட்டுச் சிரித்தேன்.

மேலயத்துப் பாதையில் முதல் பெரிய முடக்கின் ஓரத்தில் மாதா சிலை வைத்த சின்னக் கெபி இருக்கிறது. அதனால் அதற்கு மாதா முடக்கு என்று பெயர். இடது கைப் பக்கமாக, ஹேண்டிலை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்ப வேண்டிய இடம். வேகத்தைக் குறைத்து, கட்டைவிரலை லீவரிலிருந்து எடுத்துவிட்டு ஒடித்தேன்.

விரலை எடுத்த பிறகும் வண்டி கத்தியது! எஞ்சின் தானாகவே அலறிக்கொண்டு முன்னே பாய்ந்தது. கெபியும் மாதாவும் என் முகத்துக்கு நேரே வந்தார்கள். எப்படிக் கிளட்சைப் பிடித்தேன் என்று தெரியாது. பிடித்ததும் எஞ்சின் இன்னும் கோரமாகக் கத்தியது. அடுத்த நொடி நானும் வண்டியும் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் கிடந்தோம். சாவியைத் திருகி அணைத்தேன். ஒரு கேன் உருண்டு உருண்டு கீழ் முடக்கு வரை போய் நின்றது.

முழங்கால் உரிந்திருந்தது. மணிக்கட்டைப் பயத்தோடு அசைத்துப் பார்த்தேன். இருந்த மாதிரியேதான் இருந்தது. அந்த நேரத்தில் என் மனம் முழுக்க ஆத்திரம்தான். சவரி மேல், கணக்கப்பிள்ளை மேல், வெற்றிலை மெல்லும் பிக்கப்காரர் மேல், எல்லார் மேலும். காவல்காரன் நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது. "போடா!" என்று உரக்கவே சொன்னேன். யாரைச் சொன்னேனோ தெரியாது.

வண்டியைத் தூக்கி நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தேன். அமைதியாக ஓடியது. சரி, எங்கே நோய்? கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இடது கையால் ஹேண்டிலை மெல்லத் திருப்பினேன். வலப்பக்கம் திருப்பினால் ஒன்றும் இல்லை. இடப்பக்கம் திருப்பத் திருப்பச் சத்தம் ஏறியது. முழுக்க ஒடித்தால் அலறியது.

விளங்கிவிட்டது. டியூப் கட்டு! ஹேண்டில் திரும்பும்போது வயருக்கு நீளம் வேண்டும். தொங்கிய இடத்தையெல்லாம் இழுத்துக் கட்டிவிட்டோம். ஹேண்டிலை ஒடித்தால் வயர் விறைக்கிறது, நான் அமுக்காமலே எக்சலேட்டர் திறக்கிறது. பெரட்டுக் களத்தில் நான் அகல வட்டம்தானே அடித்தேன்? முழுக்க ஒடிக்கவே இல்லையே! மலையில் பிறந்து மலையில் வளர்ந்த இரண்டு பேர், முடக்கு ஏற வேண்டிய வண்டியை மட்டத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு விபூதி பூசியிருக்கிறோம்.

கத்தி இல்லை. பல்லால் கடித்தேன். பெட்ரோலும் சேறும் நாறிய அந்த ரப்பரைக் கடித்துக் கடித்து அறுத்துத் துப்பினேன்.

திருப்புங்கக்கா

பேச்சுக் குரல் கேட்டது. பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள் மேலயத்துப் பெண்கள். கொழுந்துக்குப் போகிற கோலத்திலேயே, முதுகில் கூடை, கையில் பால் வாளி. முன்னால் பாக்கியம் அக்கா.

"சத்தம் ஏறி வந்துச்சு, மாதா முடக்குல கத்துச்சு, நின்னுருச்சு. தம்பி விழுந்துட்டாருன்னு வாரோம். அடி பட்டுருச்சா?"

"ஒண்ணுமில்லக்கா."

"வாயெல்லாம் கறுப்பா இருக்கு?"

"ரப்பரு."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தது.

இந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ஹேண்டிலைத் திருப்ப, இன்னொருவர் வயரைச் சரிபார்க்க வேண்டும். "அக்கா, வாளிய வச்சிட்டு இதப் புடிங்க. நான் சொல்றப்ப இடது பக்கம் ஒடிங்க," என்றேன்.

"ஐயோ, நான் சைக்கிள்கூடத் தொட்டதில்ல."

"மாட்டுக் கொம்பப் புடிக்கிற மாதிரி புடிங்க."

அது போதுமாக இருந்தது. அக்கா இரண்டு கையாலும் பிடித்து ஒரே ஒடியாக ஒடித்தது. வண்டி கத்தியது. நான் வயரைக் கழுத்துக்கு முன்னால் பெரிய வளைவாக விட்டு, மறுபடி ஒடிக்கச் சொன்னேன். சத்தம் குறைந்தது, ஆனாலும் ஏறியது.

"ஏறுது," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

வயர் முனையில் இருந்த நட்டைத் தளர்த்தி இன்னும் கொஞ்சம் விட்டேன். "ஒடிங்க."

"துளியூண்டு ஏறுது," என்றாள் இன்னொருத்தி. அவள் சொன்னது சரி. எனக்கே அது சந்தேகமாகத்தான் கேட்டது.

மறுபடி தளர்த்தினேன். லீவர் லேசாக ஆடும்வரை விட்டேன். அக்கா இடது பக்கம் ஒடித்தது, வலது பக்கம் ஒடித்தது, மறுபடி இடது பக்கம். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். எஞ்சின் ஒரே குரலில் ஓடிக்கொண்டிருந்தது.

"மாறல," என்றது பாக்கியம் அக்கா.

அப்போதுதான் கீழே பெரட்டு மணி அடித்தது. "போச்சுடி, கணக்கப்புள்ள கிழிக்கப் போறாரு," என்று அலறிக்கொண்டு ஆளாளுக்கு வாளியைக் கேனில் கவிழ்த்தார்கள்.

"மேல எத்தன வீட்டுல பாலு இருக்கு?" என்று கேட்டேன்.

"எறங்க முடியாத கெழவிங்க, புள்ளத்தாச்சி. அத விடுங்க தம்பி, இன்னைக்கி ஒரு நாளு நாங்க இதோட சமாளிச்சிக்கிறோம்."

"மேல வந்து எடுக்குறேன்னு தானே சொன்னேன்? வந்து எடுக்குறேன்."

வண்டியில் ஏறினேன். மிச்ச முடக்குகள் அத்தனையிலும் ஹேண்டிலை வேண்டுமென்றே முழுக்க ஒடித்தேன். ஒவ்வொரு முறையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு முறைகூட வண்டி கத்தவில்லை.

மேசைக்குப் பக்கத்தில்

சென்டருக்குள் வண்டி நுழைந்தபோது பிக்கப்காரர் மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றார். மாத்தயா என் முழங்காலைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், பிறகு ஹேண்டிலில் இருந்த லீவரைப் பார்த்தார். கண்ணாடிக் குழாயைப் பாலில் விட்டுப் பார்த்தார். கொஞ்சத்தை எடுத்துக் கொதிக்க வைத்துப் பார்த்தார். திரியவில்லை.

"மேலயத்துப் பாலும் இருக்கா?"

"எல்லாம் இருக்கு மாத்தயா."

"நாளைக்கும் வருமா?"

"நாளைக்கு இதவிட வெள்ளன வரும்."

மாத்தயா பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகினார். எழுத வேண்டியது ஒன்றும் இல்லை என்று அதற்கு அர்த்தம். பிக்கப்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். சும்மா சொல்லக் கூடாது, அவரும் தொழில் தெரிந்தவர்தான்.

சவரியிடம் நடந்ததைச் சொன்னபோது, தன் தீர்த்தம்தான் என்னைக் காப்பாற்றியது என்றான். விழுந்தது மாதா காலடியில் பார், ஒன் விபூதி எங்க போச்சு என்றான். ஒன் டியூப் கட்டுத்தான்யா என்னை அங்க கொண்டு போய்ச் சேத்துச்சு என்றேன். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

இப்போதும் அதே லீவர்தான், அதே முழங்கைத் துண்டுதான். மணிக்கட்டு இன்னும் முறுக்காது. போத்தல் மூடியை ரீட்டாதான் திறந்து தருகிறாள்.

கொஞ்ச நாளைக்கு முன் பாக்கியம் அக்காவின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஒத்தாசைக்கு ரீட்டா மேலயத்தில் தங்கினாள். திரும்பி வந்து என்னிடம் ஒரு விசயம் சொன்னாள். விடியற்காலையில் கறந்த பாலை வாளியோடு வாசலில் வைத்துவிட்டு, பெண்கள் ஆளுக்கொரு வேலையாக இருப்பார்களாம். கீழே என் வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் கை வேலையை நிறுத்திவிடுவார்களாம். பேச்சு நின்றுவிடுமாம். குழந்தை அழுதால்கூட உஷ் என்று அடக்குவார்களாம். வண்டி மாதா முடக்கில் திரும்பும்வரை ஒருத்தியும் அசைய மாட்டாளாம்.

"அதுக்கப்புறம்?" என்று கேட்டேன்.

அதற்கப்புறம் பாக்கியம் அக்கா சொல்லுமாம்:

"மாறலடி. தூக்குங்கடி வாளிய."